மேலே நகர்ந்த பட்டை

அன்பு மாப்ள பாண்டிக்கு,

நேற்று அலங்காநல்லூரில் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலில் உன் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "அம்புட்டுப் பேரும் எம்மவன் தப்புப் பண்ணிட்டான்கிறாக. நீயும் பிளேன் ஓட்டுறவன்தானப்பா. அவன் என்னதான் தப்புப் பண்ணுனான்?"

"தெரியல மாமா" என்றேன். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியும்.

பழைய விமானத்தில் நமக்கு வட்டமும் முள்ளும்தான். உயரத்தை நாம் வாசித்ததே இல்லை. முள் சாய்ந்திருக்கும் வாக்கிலேயே ஓரக்கண்ணுக்குப் புரிந்துவிடும். பிறகு முள் போய்த் திரை வந்தது. "கலர் டிவி பாத்துக்கிட்டே ஓட்டலாம் மாப்ள" என்று நீதான் சிரித்தாய்.

அந்தத் திரையின் ஓரத்தில் உயரத்தின் எண்கள் ஒரு பட்டையில் ஓடும். விமானம் ஏறினால் பட்டை கீழே நகரும், இறங்கினால் மேலே நகரும். எண்ணைப் படித்தால் குழப்பமில்லை. அவசரத்தில் கண் எங்கே படிக்கிறது? அசைவைத்தான் பார்க்கிறது. தரையிலேயே பறந்து பழகும் மாதிரி விமான அறையிலிருந்து வெளியே வந்த நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "பட்டை மேல போச்சு, நானும் மேல போறேன்னு நெனச்சு மூக்கைக் கீழ அமுக்கிட்டேன் மாப்ள. வெளிய சொல்லிராத."

அன்றைக்கு எனக்கும் அப்படியேதான் ஆனது. அதைச் சொல்லாமல், "பழகிரும் மாப்ள" என்றேன். புது விமானத்துக்கு லாயக்கில்லை என்று இரண்டு பேரையும் ஓரங்கட்டிவிடுவார்களோ என்று பயம். மூன்று வாரம் கழித்து, நீ தனியாகப் போன சோதனைப் பறப்பில், மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் மூக்கை இன்னும் கீழே அமுக்கினாய். விழுந்த விமானத்தின் கறுப்புப் பெட்டியில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறதாம்.

விசாரணை அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதப்போகிறார்கள். கண் கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டு செத்தவனுக்கா கவனக்குறைவு?

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "யாருப்பா தவறிட்டாக?" என்று கேட்டார். "கூட்டாளி" என்றேன்.

திங்கட்கிழமை விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் கதையை மட்டும் சொல்ல மாட்டேன். எனக்கும் இறங்குவது ஏறுவதாகத் தெரிந்தது, மறைத்துவிட்டேன் என்று சொல்வேன். அதோடு என்னைப் பறக்கவிடாமல் தரையிலேயே உட்காரவைத்தாலும் சரி. அங்கிருந்து நேரே உன் அப்பாவிடம் போவேன். உங்கள் மகன் ஒரு நொடி தப்பாகப் பார்த்தான், நான் மூன்று வாரம் தெரிந்தே சும்மா இருந்தேன் என்று அவரிடம் சொல்வேன். வீட்டுக்குள் விடாவிட்டால் வாசலில் நின்றாவது சொல்வேன்.

உன் மாப்ள,
செல்வம்