எங்கள் வீட்டில் ஒரு கிளை

மார்ச் 3, செவ்வாய். மாலை 6.40. கையில் உள்ள பங்குகள் 1,200. இன்றைய விலை 218.

வீட்டுச் சொந்தக்காரர் வந்துவிட்டுப் போனார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். இன்னும் யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். வீட்டை விற்கப் போகிறாராம். பதினொரு வருஷமாக இருக்கிறோம் என்பதால் முதல் உரிமை எங்களுக்காம். ஜூன் கடைசிக்குள் மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தால் போதும், மீதிக்கு வங்கி இருக்கிறது என்றார். ஏதோ வங்கி அவர் மச்சான் வீடு போல.

எங்களிடம் இருப்பது அந்த 1,200 பங்குதான். பாதி அக்காவுடையது, பாதி என்னுடையது. 250க்கு விற்றால் கச்சிதமாக மூன்று லட்சம்.

நாங்கள் பங்கு வாங்கிய கம்பெனி காபிக்கடைகள் நடத்துகிறது. அந்தக் கடைகளுக்கு இயந்திரம் விற்கும் நிறுவனத்தில் எனக்கு வேலை. இயந்திரத்தைக் கடையில் பொருத்திப் பூட்டுவேன், கெட்டுப்போனால் சரி செய்வேன். போன வருஷம் பூட்டிப் பூட்டிக் கை மரத்துப்போனபோது புத்தியில் ஒரு விளக்கு எரிந்தது. இவ்வளவு கடை திறக்கிறானே, இவன் பங்கை வாங்கினால் என்ன? அக்காவிடம் சொன்னேன். 140க்கு வாங்கினோம்.

ஒரே நிபந்தனை, இருவரும் சம்மதித்தால்தான் விற்கலாம். முன்பு ஒரு மருந்துக் கம்பெனிப் பங்கை நான் அவசரப்பட்டு விற்றேன். அது இன்று எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அக்கா வாரம் ஒரு முறை எனக்கு நினைவூட்டுவாள், மாத்திரை கொடுக்கிற மாதிரி.

மார்ச் 5

221. அம்மா முன்னறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்கிறாள்.

மார்ச் 14

புதுக் கடையில் இயந்திரம் பூட்டப் போனேன். சாலைக்கு அந்தப் பக்கம் அதே கம்பெனியின் பழைய கடை. அதற்கும் நான்தான் பூட்டினேன். இங்கிருந்து கையசைத்தால் அங்கே தெரியும்.

வேலை முடித்துவிட்டுப் பழைய கடைக்குப் பராமரிப்புக்குப் போனேன். கொட்டை அரைக்கும் தகடுகள் இந்நேரம் மழுங்கியிருக்க வேண்டும். கை வைத்தால் வெட்டும் போல இருந்தன. மேற்பார்வை பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன், “என்னங்க, மெஷினுக்கு லீவு விட்டுட்டீங்களா?”

“போன மாசம் பின்பக்கத் தெருவுலயும் ஒண்ணு தொறந்தாங்கல்ல? பாதிப் பேரு அங்க போயிட்டாங்க. மீதிப் பாதி திங்கட்கிழமைலேர்ந்து எதிர்க்கடைக்கு. நானும் அங்க போயிடலாமான்னு பாக்கறேன்.”

ஒரே கூட்டம், மூன்று கடை. ஒரு போர்வையை மூன்றாகக் கிழித்தால் மூன்று போர்வையா? யாருக்கும் கால் மூடாது.

மார்ச் 15

அக்காவிடம் சொன்னேன். விற்றுவிடலாம், குறைகிற பணத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“டேய், நான் தினம் அவங்க கடை ஒண்ணுலதான் உக்காந்திருக்கேன். எப்பப் பாத்தாலும் உக்கார எடம் இல்ல. நீ தகட்டத் தடவிப் பாத்து ஜோசியம் சொல்றே.”

அக்கா வீட்டிலிருந்தபடி வேலை பார்ப்பவள். கையேடுகளை மொழிபெயர்க்கிறாள். வீட்டிலிருந்தபடி என்றால், காபிக்கடையிலிருந்தபடி. மத்தியானம் நேரில் போய்ப் பார்த்தேன். உண்மைதான், எல்லா நாற்காலியிலும் ஆள். ஆளுக்கு ஒரு கணினி, ஒரு கோப்பை. கோப்பைகளின் அடியில் காய்ந்த நுரை. அக்கா பத்து மணிக்கு வாங்கிய காபியோடு இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறாள். செருகியிருந்த மின்கம்பியில் வரும் மின்சாரமும் அவர்களுடையது.

“இது கடையில்லக்கா, உன் ஆபீஸு. நீ குடுக்கற வாடகை ஒரு காபி.”

“பங்குதாரர்டா நான். எனக்கு உரிமை இருக்கு.”

இவளுக்குக் கடை நிறைந்திருக்கிறது, ஏனென்றால் இவள் எழுந்திருப்பதில்லை. எனக்குக் கம்பெனி வளர்ந்தது, ஏனென்றால் எனக்கு வேலை ஓயவில்லை. நல்ல முதலீட்டாளர்கள் இரண்டு பேர் ஒரு வயிற்றில் பிறந்திருக்கிறோம்.

மார்ச் 31

231. ஆபீசில் ‘சிங்கம்’ என்று ஒருவர் இருக்கிறார். உதிரிபாகக் கிடங்குப் பொறுப்பாளர். பங்குச்சந்தை பற்றிப் பேசும்போது மட்டும் கர்ஜனை வரும் என்பதால் அந்தப் பெயர். மகள் படிப்புக்கு வைத்திருந்ததை எல்லாம் இதில்தான் போட்டிருக்கிறார்.

“தம்பி, ஓடற குதிரைலேர்ந்து எவனாவது எறங்குவானா?”

“குதிரை எங்க ஓடுதுன்னு பாக்க வேணாமாண்ணே?”

“அது குதிரையோட கவல.”

ஏப்ரல் 10

ஒரு வருஷத்தில் இன்னும் முந்நூறு கடை திறக்கப் போகிறார்களாம். எல்லாம் கடன் வாங்கி. செய்தி வந்தவுடன் 239.

எனக்கு இந்த மாதம் ஓவர்டைம் மட்டுமே பாதிச் சம்பளத்துக்கு வந்திருக்கிறது. அவர்கள் வாங்கிய கடனில் ஒரு துளி என் பையில் விழுகிறது, அதைப் பார்த்து நான் அவர்களை நம்புகிறேன். தெரிகிறது. தெரிந்தும் ‘விற்கலாம்’ என்று இன்று நான் வாயைத் திறக்கவில்லை. பதினொன்றுதானே பாக்கி?

ஏப்ரல் 24, வெள்ளி

246!

நாலே நாலு. அக்கா சோபா விலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் பல் டாக்டர். கூட இரண்டு பேர். ஒருவன் கையில் அளவு நாடா.

“சும்மா அளந்துட்டுப் போறாங்க தம்பி. நீங்க உங்க வேலையப் பாருங்க.”

முன்னறையை அளந்தார்கள். என் அறையை, அக்கா அறையை. நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தான் ஒருவன், “இத எடுத்துரலாம்” என்றான். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தபடியே சமையலறையையும் அளந்தார்கள். நாடா பிடித்தவன் சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தேன். பச்சை வட்டம், நடுவில் கோப்பை.

நம்ம கம்பெனி.

டாக்டர் என் பல்லைப் பார்த்துச் சொன்னார், “இப்ப வித்தா ஒரு தடவதான் காசு. இவங்க மூணு மடங்கு வாடகை தர்றோம்ங்கறாங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?”

என்ன சொல்ல? உங்களுக்கு அவன் தரப்போகும் வாடகையில் எங்க காசும் இருக்கு டாக்டர்னா? எங்க காசை வெச்சே எங்களக் கிளப்பறான். நாங்களும் கை தட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், இன்னும் நாலு ரூபா ஏறட்டும்னு. சீ.

ஏப்ரல் 25

ராத்திரி தூக்கமில்லை. காலையில் அக்காவோடு பேசினேன். அவள் இன்னும் கட்சி மாறவில்லை.

“நம்ம வீட்டையே எடுக்கறான்னா எவ்ளோ வேகமா வளர்றான் பாரு. வீடுதான் போச்சு, பங்காவது ஏறட்டும். ஏறினா வேற வீடு வாங்கலாம்.”

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தத் தெருவுல கடை வெச்சா யாரு வருவாங்க?”

அவள் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் தெரு முட்டுச்சந்து. கோடியில் மின்நிலையத்தின் மதில் சுவர், அதற்குப் பின்னால் நாள் முழுக்க ரீங்காரம். இங்கே வருகிறவர்கள் மூன்று வகை. குடியிருப்பவர்கள், மீட்டர் பார்ப்பவர், வழி தவறியவர்கள். வழி தவறியவர்கள் எங்கள் வீட்டு வாசலில்தான் வண்டியைத் திருப்புவார்கள். திட்டிக்கொண்டே திருப்புவார்கள், காபி கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் நூல் போல வரும். அந்த அழுத்தத்துக்கு என் இயந்திரம் முதல் நாளே மூச்சை விட்டுவிடும்.

மற்ற முந்நூறு கடை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருப்புநிலைக் குறிப்பை மூன்று தடவை படித்தும் விளங்கவில்லை. ஆனால் இந்த ஒரு கிளையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்தக் கம்பெனி முதலாளிக்குக்கூடத் தெரியாது. நான் இதில் குளிக்கிறேன். இந்த வீட்டுக்கு மூன்று மடங்கு வாடகை தருகிறவன் நாடாவை வைத்து அறையைத்தான் அளந்தான், தெருவில் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், “இங்க வந்து காபி குடிக்கப் போறது யாருடா? நானா?”

அக்கா கணினியை மூடினாள். “வித்துத் தொல.”

ஏப்ரல் 27

244க்கு விற்றோம். மூன்று லட்சத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் குறைவு. குறைந்தால் என்ன, வாங்க வீடு இல்லை. பணம் இருக்கிறது, வீடு இல்லை. போன மாதம் வீடு இருந்தது, பணம் இல்லை.

சிங்கத்திடமும் சொன்னேன். “விக்கறதுன்னா இப்ப வித்துருங்கண்ணே.” அவர் என் தோளைத் தட்டினார். “வீடு போன கோவம் தம்பி. சந்தைல கோவம் கூடாது.”

ஜூன் 28

குடி மாறினோம். நாலாவது மாடி. மின்தூக்கி செவ்வாய், வெள்ளி மட்டும் இயங்கும் போலிருக்கிறது. வாடகை முன்னதை விட அதிகம். விற்ற பணத்திலிருந்து மாதாமாதம் கிள்ளுகிறோம். பங்கு 271.

அக்கா மாத்திரையை மாற்றிவிட்டாள். மருந்துக் கம்பெனி போய்க் காபிக் கம்பெனி.

ஆகஸ்ட் 19

வேலைச் சீட்டு வந்தது. புதுக் கிளை, இயந்திரம் பூட்ட வேண்டும். முகவரியைப் பார்த்தேன். மேலாளரிடம், “வழி தெரியும் சார்” என்றேன்.

என் அறைக்கும் அக்கா அறைக்கும் நடுவில் சுவர் இல்லை. இயந்திரம் நிற்கும் இடம் சரியாக என் கட்டிலின் தலைமாடு. தண்ணீர் அழுத்தம் போதாது என்று எழுதிக் கொடுத்தேன். மோட்டார் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ஆகஸ்ட் 23

திறப்பு. அம்மா பார்க்க வேண்டும் என்றாள், கூட்டிப் போனேன். நேராக உள்ளே நடந்து, அவர்கள் புதிதாகக் கட்டியிருந்த கல்மேடைக்கு முன் நின்றாள்.

“என்ன வேணும்மா?” என்றான் கல்லாவில் இருந்த பையன்.

“இங்கதான் என் அடுப்பு இருந்துச்சு.”

அவன் விலைப்பட்டியலைத் திரும்பிப் பார்த்தான். “அது இன்னும் வரலம்மா.”

எங்களையும் சேர்த்து ஆறு பேர். அதில் ஒருவர் மீட்டர் பார்ப்பவர்.

நவம்பர் 9

302. சிங்கம் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். “ஆறுதலுக்கு” என்றார். அக்கா பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் அவளுடைய உச்ச சத்தம். இந்த விலைக்கு விற்றிருந்தால் முன்பணத்துக்கு மேல் அறுபதாயிரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருந்திருக்கலாம்.

நான் தப்பா? தெரு தப்பில்லை. தெரு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் விலைக்குத் தெருவெல்லாம் தெரியாதே.

ஜனவரி 14

கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லையாம். 188.

ஜனவரி 15

133.

ஜனவரி 20

நூற்று நாற்பது கிளைகளை மூடுகிறார்கள். 71. எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, பூட்டியதையெல்லாம் கழற்ற வேண்டும். ஓவர்டைம் கிடையாது. அவர்களிடமிருந்து எங்கள் நிறுவனத்துக்கே பாக்கி வர வேண்டியிருக்கிறதாம்.

‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்ல ஏப்ரலிலிருந்து வாயில் வைத்திருந்தேன். கிடங்கில் சிங்கம் திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே பிரிக்கிறார். தலை நிமிராமல் கேட்டார், “தம்பி, இப்ப வித்துரலாமா? இல்ல கொஞ்சம் ஏறட்டுமா?”

நானும் உட்கார்ந்து திருகாணி பிரித்தேன்.

பிப்ரவரி 16

பல் டாக்டர் போன் செய்தார். கம்பெனி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். நாலு மாத வாடகை பாக்கியாம். வீட்டை எங்களுக்கே விற்கிறாராம். “நீங்க இருந்தப்ப வீடு வீடா இருந்துச்சு தம்பி” என்றார், முதல் தடவையாக என் பல்லைப் பார்க்காமல். போனில் எப்படிப் பார்ப்பார்.

நான் பேசினால் காரியம் கெடும் என்று அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மூணு லட்சம் முன்பணமா? அப்ப சமையலறை இருந்துச்சு டாக்டர்.”

“உள்ள எல்லாம் ஜோரா பண்ணியிருக்காங்கம்மா. விளக்கு, கல்மேட...”

“வாசல்ல பச்சை வட்டத்துல கோப்பை தொங்குது. அதையும் நாங்கதான் காசு குடுத்து எறக்கணும்.”

இரண்டு லட்சத்து அறுபதில் நின்றது. கையில் மீதி இருப்பது இரண்டு அறுபத்தெட்டு. அக்கா போனை என் கையில் திணித்தாள். பிறகு சொன்னாள், “மருந்துக் கம்பெனிய மட்டும் நான் மன்னிக்கல.”

பிப்ரவரி 17, புதன். காலை 7.15. பங்குகள் 0.

செய்ய வேண்டியவை:

1. நாளைக்குக் கழற்றும் வேலைச் சீட்டில் நம் வீடும் இருக்கிறது. வேறு யாருக்கும் விடக் கூடாது.
2. இயந்திரத்தை எடு. மோட்டாரை மட்டும் டாக்டரிடம் கேட்டு அங்கேயே விட்டுவை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் ஒழுங்காக வரும்.
3. கல்மேடையை உடைக்கக் கூடாது. அம்மா அடுப்பு வைக்க அளந்துகொண்டு வரச் சொன்னாள்.
4. சிங்கத்தின் மகள் எந்தக் கல்லூரி, கட்டணம் எப்போது என்று கேள். அறிவுரை சொல்லாதே.
5. அக்காவுக்கு முன்னறையில் ஒரு மேசை, அவளுக்கென்று ஒரு பிளக் பாயிண்ட்.
6. எனக்கும் அவளுக்கும் நடுவில் சுவர். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் சுவர்.