‘நார்மல்’ என்று நான் எழுதிய படம்

12.7.94 செவ்வாய்
வெயில் கொளுத்தல். ஸ்கேன் அறையில் ஏ.சி. பழுது. மெஷின் சூடாவதற்குள் முடிக்கும் அவசரம்.
மாலை 4. கடைசி ஆள். ஆவடி தொழிற்சாலை ஃபிட்டர், வயது 48, வீடு முத்தாபுதுப்பேட்டை. இரண்டு மணிக்கு வலது கை மரத்து வாய் குழறியதாம். வரும்போது கொஞ்சம் தேவலை. ரத்தக்கசிவு இல்லை. ‘நார்மல்’ எழுதினேன்.
மனைவி, “தலைல இன்னாமா கீது?”
“ஒண்ணுமில்லம்மா. தைரியமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

13 புதன்
தூறல். காலையில் அட்டெண்டர்: “நேத்து வந்தாரே ஃபிட்டரு, ஒரு பக்கம் பூரா உழுந்துட்சாம். பேச்சும் பூட்ச்சாம். ஆஸ்பத்திரில சேத்துகிறாங்க.”
மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். மூளையின் இடது பக்கம் கறுப்பு. குழந்தைக்குக்கூடத் தெரியும்.
நேற்றைய பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் பிரியும் கோடு, வலது பக்கம் தெளிவு. இடது பக்கம் மங்கல். நேற்றே இருந்திருக்கிறது! கசிவை மட்டும் தேடினேன், இல்லை என்றதும் எழுந்துவிட்டேன்.
படம் சுத்தமாகவே இருந்தாலும், ரத்தக்குழாய் அடைப்பு முதல் இரண்டு மணி நேரத்தில் படத்தில் தெரியாமல் இருக்கலாம், வீட்டுக்கு அனுப்பக்கூடாது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில். சீ.

14 வியாழன்
குடை ரிப்பேர். அம்மாவுக்குக் கடிதம். இரண்டும் நடக்கவில்லை.
பெரிய டாக்டரிடம் சொன்னேன். “தெரிஞ்சிருந்தா மட்டும் நம்மகிட்ட என்ன மருந்து இருக்கு? விடும்மா.” ஆறுதலாக இருந்தது. ஆறுதலானதற்கே வெட்கம். ஆஸ்பத்திரியிலாவது வைத்துப் பார்த்திருப்பார்கள்.

16 சனி
நேற்று முழுக்கத் தள்ளிப்போட்டேன். இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் அவர் மனைவி. என்னைப் பார்த்ததும் அழுகை.
“ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னீங்களா, அன்னிக்கு சாய்ந்தரம் டம்ளர கீழ போட்டாரு. வேலைக்குப் போவாம இருக்க நடிக்கிறியான்னு கேட்டுட்டேம்மா. பாவி நானு.”
சொல்லிவிட்டேன். படத்தில் இருந்தது, நான் கவனிக்கவில்லை, அவர் நடிக்கவில்லை, தப்பு என்னுடையது. திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என் கையைப் பிடித்து வார்டுக்குள் கூட்டிப்போனார், கட்டில்வரை.
“இத்த அவராண்டயும் சொல்லுங்கம்மா. பேச்சுதான் வர்ல. காது கேக்குது.”