கிரவல் கொட்டிய சதுப்பில் உன் பெயர்

என் ஆசை அக்கா,

கோபம் அடங்கியபிறகு உனக்கு எழுதலாம் என்று இருந்தேன். அடங்கவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

உன் சதுப்புக்குப் போய்வந்தேன். அவர்களே கூப்பிட்டார்கள். சரணாலயத்தில் உன் பெயரில், ஆட்கள் உட்கார ஒரு வாங்கு வைத்திருக்கிறார்களாம், குடும்பத்தார் வந்து திறந்துவைக்க வேண்டுமாம். அத்தானையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினேன். நீ போனதிலிருந்து அவர் அதிகம் வெளிக்கிடுவதில்லை. அன்றைக்குத் தானே சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். பேலியகொடை தாண்டும்போது, "கடைசியிலயாவது அவவை மதிச்சிட்டினம், என்ன?" என்றார். நானும் நம்பினேன்.

கிழமை முழுக்க உனக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் நீ ஓடியது அந்தச் சேற்றுக்குத்தான். வருகிறவர்களுக்கெல்லாம் நண்டு வளையையும் உமரிச் செடியையும் சம்பளமில்லாமல் காட்டிக்கொண்டு திரிந்தாய். கடல் தண்ணீர் சதுப்புக்குள் ஏறி இறங்கும் வாய்க்காலை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மனுவோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினாய். அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள்? சரணாலயக் கேற்றில் உன்னை மறித்தார்கள். கீமோவில் முடி கொட்டிய தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நீ வெயிலில் நின்றாய். மேலிடத்து ஓடர் என்றான் காவலாளி.

அந்த வாய்க்கால் இப்போது இல்லை, அக்கா. கடற்கரைக்கு வருகிறவர்கள் வாகனம் விடுவதற்காகக் கிரவல் மண் கொட்டி உருட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வராத சதுப்பு வெடித்துக் கிடக்கிறது. உமரி கருகிவிட்டது. நண்டு ஒன்றைக்கூடக் காணவில்லை. உன் வாங்கு இருப்பது அந்தக் கிரவலின் மேல்தான். அதில் அறைந்த பலகையில் மூன்று மொழியிலும் உன் பெயர், தமிழில் பிழையாக. 'சதுப்பின் தோழி' என்று வேறு எழுதியிருந்தார்கள்.

உன்னை மறிக்கச் சொன்ன அதே சரணாலய முகாமையாளர்தான் சிரித்தபடி வந்து கத்தரிக்கோலை நீட்டினார். எழுத்துப்பிழையைத் திருத்தித் தருவதாகச் சிங்களத்தில் சொன்னார். நான் வாய் திறக்குமுன் அத்தான் கத்தரிக்கோலை வாங்கினார். வெட்டப்போகிறார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் ரிபனை வெட்டவில்லை. கத்தரிக்கோலை வாங்கின்மேல் வைத்துவிட்டு, அந்த மனிதருடைய மொழியிலேயே கேட்டார்: ஆள் உயிரோடு வந்தபோது கேற்றைப் பூட்டினீர்கள், இப்போது பெயரை மட்டும் எதற்கு உள்ளே எடுக்கிறீர்கள்?

பிறகு என்னிடம் திரும்பி, "றீற்றா, அவவின்ர பேரை இங்க விட்டிட்டு நான் வரமாட்டன்" என்றார்.

பெயர்ப்பலகையைக் கழற்றும்வரை எழும்பமாட்டோம் என்று நான் சொன்னேன். இருவரும் அந்தக் கிரவலிலேயே உட்கார்ந்தோம். விழாவைப் படமெடுக்க வந்தவர்கள் எங்களைப் படமெடுத்தார்கள். முகாமையாளரின் சிரிப்பு போய்விட்டது. உச்சிவெயில் ஏறியபிறகுதான் ஆளை அனுப்பிக் கழற்றித் தந்தார். பஸ்ஸில் அத்தான் பலகையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

செத்தவர்களைப் புகழ்வது இவர்களுக்கு ஏன் இவ்வளவு சுலபமாக இருக்கிறது? திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்ற தைரியமா?

அடுத்ததாக வடக்குப் பக்க வாய்க்காலையும் நிரப்பப் போகிறார்களாம். அங்கே இறால் பிடிக்கும் பெண்களோடு சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறோம். முதல் மனுதாரர் அத்தான். தீர்ப்பு எப்படி வருமோ, எனக்குத் தெரியாது. ஆனால் இது சத்தியம்: மண் லொறி வருகிற அன்றைக்கு, அந்த வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் நிற்போம். கொட்டுவதென்றால் எங்கள் மேல் கொட்டட்டும்.

இன்னும் ஆறாத கோபத்தோடு,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
றீற்றா