குக்கரில் தெரிந்த பச்சை

குக்கரின் ஆவி அடங்கிக்கொண்டிருக்கிறது. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் நாலு டேப் தழும்புகள். நடுவே, அழுக்குப் படியாத செவ்வகம். நேற்றுவரை உன் படம் அங்கே இருந்தது.

மயூர் விஹாரில் நாம் இருவரும் வாடகைக்கு எடுத்த இந்த வீட்டின் சமையலறையில், ஒரு ஜனவரி ஞாயிறு நீ அதை வரைந்தாய். சோறு வெந்துகொண்டிருக்கும்போதே, அந்தக் குக்கரையே. ஞாயிறுதோறும் அப்படித்தான். முதல் விசிலுக்குத் தூரிகையை எடுப்பாய்.

"ஆவி அடங்கதுக்குள்ள முடிக்கணும்ட்டி. அப்புறம் பசிச்சிரும்."

உன் வண்ணப் பெட்டியில் வெள்ளையே கிடையாது. எவர்சில்வர் மின்ன வேண்டிய இடத்தில் தாளைச் சும்மா விட்டுவிட்டாய். மிச்சமெல்லாம் நீலம், கொஞ்சம் பழுப்பு. ஈரத்தோடு ஒன்றில் ஒன்று கசிந்தன. குக்கரின் வயிற்றில் மட்டும் கோணலாய் ஒரு கறை, அதை ஒட்டித் துளிப் பச்சை.

"நசுங்கலையும் வரையணுமா?" என்றேன்.

"நசுங்கலா? நல்லாப் பாரு. மொதல்ல ஒன் ஸ்வெட்டரத் துவை."

பார்க்கவில்லை. துவைக்கவும் இல்லை.

நேற்று உன் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். நீ இல்லாமல் போன பிறகு முதல்முறை. குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உன் துணிகளை மடித்தார். பிறகு கேட்டார்.

"அவ தன்ன வரைஞ்ச படம் எதும் இருக்கா தாயி?"

இல்லை, இந்தக் குக்கர்தான் இருக்கிறது என்றேன். சொல்லும்போதே பயம், கேட்டுவிடுவாரோ என்று. மற்றதையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாய்; உன் கையிலிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரருகே போனார். வெகுநேரம் நின்றார்.

"இது அவள்லா. கழுத்தச் சாச்சிருக்கத பாரு."

பார்த்தேன். கறை நீயாக இருந்தாய். குக்கரின் வயிற்றில் தெரிந்த உன்னை, தெரிந்தபடியே வளைத்து வரைந்திருக்கிறாய். முகம் இல்லை. வரையும்போது இடப்பக்கம் சாயும் அந்தக் கழுத்து மட்டும்.

"பின்னால பச்சையா நிக்கது யாரு?"

என் ஸ்வெட்டர். சோறு ஆச்சா என்று கேட்க வந்து நின்றவள்.

அம்மா படத்தைக் கேட்கவில்லை. நானே டேப்பைப் பிரித்தேன்.

"ஒனக்கு வேண்டாமா?"

"குக்கர் இங்கதாம்மா இருக்கு."

இப்போது மெட்ரோவுக்கு நேரமாகிறது. வெயிட் லேசாகச் சீறுகிறது. இன்னும் திறக்கவில்லை. குக்கரின் வயிற்றில் நான், வளைந்து, பச்சையாய். கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறேன், நீ வரைந்த இடத்தில்.