அக்கா வீட்டில் டிஷ், என் வீட்டில் பிராட்பேண்ட்

ஜூன் 4, வியாழன்

புது வீட்டுக்கு எல்லாச் சாமானும் வந்து சேர்ந்துவிட்டது. டி.வி. மட்டும் கோபித்துக்கொண்டதுபோல் சுவரைப் பார்த்து நிற்கிறது. டிஷ் வைப்பதா, பிராட்பேண்ட் வழியாக வாங்குவதா என்று இன்று முழுக்க மாநாடு. மகன் பிராட்பேண்ட் கட்சி. இவர் எந்தக் கட்சியும் இல்லை. "பொழுதன்னிக்கும் பாக்கப்போறது நீ. நீயே முடிவு பண்ணு" என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம். சும்மா விடுவேனா?

ஜூன் 5, வெள்ளி

டிஷ்காரர் வந்தார். பால்கனி மூலையில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். போனில் திசை பார்த்தார். "இந்த மூலையில வெச்சா நல்லா கிடைக்கும்மா" என்றார். மழை வந்தால்? "பலத்த மழைன்னா கொஞ்ச நேரம் போகும். அப்புறம் தானா வந்துரும்." ஊர் சுற்றும் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிற அம்மா மாதிரி சொன்னார்.

மத்தியானம் பிராட்பேண்ட்காரர். ஒரே வயர், அதிலேயே நெட், அதிலேயே டி.வி., மழையாவது இடியாவது, விட்டுப்போனதைத் திரும்பவும் பார்க்கலாம். மூச்சு விடாமல் பேசினார். மகன் முகத்தில் ஆயிரம் விளக்கு. "வீட்டுலேர்ந்து வேலை செய்ய எனக்கு நெட் எப்படியும் வேணும்மா. டி.வி.யும் அதோடயே வந்துடும்."

அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. இவருடைய அண்ணன் பெண்டாட்டி. அவர்கள் போன மாதமே புது வீட்டுக்குப் போய் டிஷ் வைத்துவிட்டார்கள். "நமக்குப் பழகினது அதுதானே சின்னவளே. அதுக்காக நீயும் அதையே வைக்கணும்னு இல்ல. புள்ளைக்கு எது தோதோ அதப் பாரு" என்றாள். நாங்கள் ஒன்றாக இருந்த பழைய வீட்டுக்குள் நான் கால் வைத்த நாளிலிருந்து அவளுக்கு நான் சின்னவள்தான். தலை பாதி நரைத்த சின்னவள்.

ஜூன் 7, ஞாயிறு

பெட்டியைப் பிரிக்கப் பிரிக்கப் பழைய வீடு வெளியே வருகிறது. இன்று ஒரு துருப்பிடித்த ஆன்டெனா கிளிப். இதை யார் கட்டி எடுத்துவந்தது? நானாகத்தான் இருக்கும்.

மொட்டைமாடியில் இவர் கம்பியைத் திருப்புவார். கீழே டி.வி. முன்னால் நான். என் குரல் மாடிக்கு எட்டாது, அதனால் நடுவில் படிக்கட்டுத் திருப்பத்தில் அக்கா. நான் "வந்துச்சு!" என்பேன். அக்கா மேலே பார்த்து "வந்துச்சாம்!" என்பாள். அது இவர் காதில் விழுவதற்குள் கம்பி இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும். "போயிடுச்சு!" "போயிடுச்சாம்!" கடைசியில் படம் தெளிவாகிற நேரத்தில் நிகழ்ச்சியே முடிந்திருக்கும். பெரியவர், அதாவது அக்கா வீட்டுக்காரர், நாற்காலியை விட்டு அசையாமல் "நாளைக்குப் பாக்க இப்பவே திருப்பறீங்களா?" என்று கேட்பார். நாங்கள் இரண்டு பேரும் அவரை முறைப்போம்.

பிறகு கேபிள் வந்தது, அப்புறம் டிஷ் வந்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் ஏழரை மணி மட்டும் மாறவில்லை. அவள் மடியில் முறத்தோடு பீன்ஸ், என் முன்னால் பலகையில் வெங்காயம், எதிரே சீரியல். அழுதது வெங்காயத்துக்கா சீரியலுக்கா என்று யாரும் எங்களைக் கேட்க முடியாது. ஏழரை மணிக்கு வருகிறதாலும் அதில் வருகிற குடும்பம் படுகிற பாட்டாலும் அதற்கு நாங்கள் வைத்த பெயரே 'ஏழரை'. அக்காவுக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்கத் தெரியாது. "அடிப்பாவி, அவன நம்பாதடி! கதவுக்குப் பின்னால நிக்கறான் பாரு!" தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். நடுவில் கரண்ட் போனால் மீதியை அவளே சொல்லிவிடுவாள். மறுநாள் கதை வேறு மாதிரி போயிருந்தால், எடுத்தவனுக்குத்தான் அறிவில்லை.

அக்காவின் முழங்காலுக்கு அந்தப் படிக்கட்டு ஆகவில்லை. அதனால்தான் வீட்டை விற்றோம். அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை தடிக்கவில்லை. சொந்தக்காரர்களுக்குத்தான் பெருத்த ஏமாற்றம். எனக்கு மட்டும் ஒரு பயம். அடித்துக்கொண்டு பிரிந்தவர்களாவது ஒருத்தரை ஒருத்தர் தினம் நினைத்துத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சிரித்துக்கொண்டே பிரிந்தவர்கள் மறந்துவிட மாட்டார்களா? அக்காவுக்கு நான் எதிர்வீட்டுக்காரி மாதிரி ஆகிவிடுவேனோ? இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். தினமும் போகவா முடியும்?

அக்காவிடம் போனில் கேட்டே விட்டேன். "போடி பைத்தியம். போனை ஸ்பீக்கர்ல போட்டு வெச்சுக்கிட்டுப் பாப்போம். நீ அங்க நறுக்கு, நான் இங்க நறுக்கறேன்" என்றாள். கொஞ்சம் மனசு லேசானது.

ஜூன் 8, திங்கள்

பிராட்பேண்ட். முடிவு என்னுடையது. யாராவது குறை சொல்லட்டும், இருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

இணைப்பு வந்துவிட்டது. படம் கண்ணாடி மாதிரி. கதாநாயகி கன்னத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருப்பதுகூடத் தெரிகிறது.

ஏழரைக்கு அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வெங்காயத்தோடு உட்கார்ந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று போனுக்குள்ளிருந்து "ஐயையோ! மனுஷன் போயிட்டாரே!" என்று அலறல். எனக்குக் கத்தி நழுவிவிட்டது. பெரியவருக்குத்தான் ஏதோ என்று பதறிப்போனேன். "யாருக்கா? யாரு?" "அவதான்டி, அவளோட மாமனார்!" என் டி.வி.யில் அந்த மாமனார் ஜம்மென்று காபி குடித்துக்கொண்டிருக்கிறார். குடித்து முடித்து, பேப்பர் புரட்டி, அப்புறம்தான் நெஞ்சைப் பிடித்தார்.

"போச்சு! எல்லாத்தையும் சொல்லிட்டீங்களேக்கா. இனிமே நான் பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பதறின பதற்றம் அப்படி.

மகன் விளக்கினான். டிஷ்ஷில் நேரே வந்துவிடுமாம். நெட்டில் வருவது அங்கங்கே நின்று வர அரை நிமிஷம் பிந்துமாம். "இத முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" "நீ போன்ல சீரியல் பாப்பேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" நியாயம்தான். அதற்காக ஒப்புக்கொள்ள முடியுமா?

ஜூன் 19, வெள்ளி

அக்கா இப்போதெல்லாம் கத்துவதில்லை. ம். ஆமா. அப்படியா.

வயசாகிறது, புது இடம் என்று சொல்லிக்கொண்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஜூன் 27, சனி

இத்தனை மாதமாக நாங்கள் காத்திருந்த காட்சி நேற்று வந்தது. மருமகள் அந்த நாத்தனாரை ஓங்கி ஓர் அறை விட்டாள்! பழைய வீடாக இருந்தால் அக்கா முறத்தை வீசிவிட்டு எழுந்து நின்றிருப்பாள், பீன்ஸ் ஹால் முழுக்க. நேற்று போனில் ஒரு சத்தமும் இல்லை. நான்தான் துள்ளினேன். அப்புறம் செய்தி வாசிக்கிற மாதிரி அக்கா, "அடிச்சுட்டா."

அவ்வளவுதான். அடிச்சுட்டாவாம்!

"வேற வேலையா இருக்கீங்களாக்கா?" "இல்லல்ல, பாத்துட்டுத்தான் இருக்கேன்." அந்தக் குரல் என் அக்கா குரலே இல்லை. கடமைக்குப் போன் எடுக்கிறாளோ? நான் எப்போது போனை வைப்பேன் என்று காத்துக்கொண்டிருக்கிறாளோ? போனை வைத்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். இவர் எட்டிப் பார்த்து, "வீடு மாறின அலுப்பு" என்றார். அலுப்பா? ஒரே அடுப்புல ஆக்கித் தின்னவ என்னை வேத்தாளாக்கிட்டா, இவருக்கு அலுப்பாம்!

ஜூலை 2, வியாழன்

டிஷ்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் பழையபடி ஆகிவிடாதா? மகன், "ஒரு டி.வி.க்கு ரெண்டு கனெக்‌ஷனா?" என்றான். "ஆமா, ரெண்டுதான். உனக்கு நெட், எனக்கு டிஷ்." நான் முறைத்த முறைப்பில் அறைக்குள் போய்விட்டான். திங்கட்கிழமை வந்து மாட்டுகிறாராம்.

ஜூலை 3, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

திங்கள்வரை பொறுக்க முடியவில்லை. "இன்னைக்கு வெளியில வேலையிருக்கு, போன் பண்ண மாட்டேன்" என்று அக்காவிடம் புளுகிவிட்டு, பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனேன். லிப்ட் கதவு திறந்ததுமே கேட்டது. "விடாதடி! அந்தப் பையப் புடுங்குடி! கையக் கடிச்சு வெய்யி!" வராந்தா முழுக்க அக்கா. என் அக்கா. முதலில் சந்தோஷம், அடுத்த கணம் நெஞ்சு எரிந்தது. அப்படியென்றால் குரலும் போகவில்லை, வயசும் ஆகவில்லை. என்னிடம் மட்டும்தான் வாய்ப்பூட்டு.

பெரியவர் கதவைத் திறந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "எங்கிட்ட பேசும்போது மட்டும் ஏன்க்கா ஊமையாயிடறீங்க? நான் வேண்டாதவளா போயிட்டேனா?"

பெரியவர்தான் சிரித்தார். "நீ வேற. தினம் ஏழரையானா முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. உன் டி.வி.யில அதே இடம் வந்து சத்தம் போன்ல கேக்கற வரைக்கும் மூச்சு விடறதில்ல. போன வாரம் அந்த அறை விழுந்தப்ப மூஞ்சி செவந்து, தொடையில அடிச்சுக்கிட்டு... ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடணுமோன்னு நெனச்சேன்."

"நீதானே சொன்ன, உனக்குப் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாமப் பண்ணிட்டேன்னு" என்றாள் அக்கா. "அதான் அடக்கிக்கிட்டேன். உனக்கு வர்றதுக்குள்ள எனக்கு ஆறிப்போயிடுது சின்னவளே. ஆறினப்புறம் எப்படிக் கத்தறது?"

வாயிருக்கிற மனுஷி. யாருக்காகவும் எதற்காகவும் ஒரு நாள் அடக்கினவள் இல்லை, தன் மாமியாருக்கே அடக்கினதில்லை. எனக்காக மூன்று வாரமாக முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவளும் அழுதாள். பெரியவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டு, "வேறெங்கயாவது போய் அழுங்களேன், எனக்குக் கதை போவுது" என்றார்.

கிளம்பும்போது சொல்லிவிட்டு வந்தேன். "நாளையிலேர்ந்து கத்தறீங்க. அடக்கினீங்க, நான் இங்க வந்து சண்டை போடுவேன்."

ஜூலை 6, திங்கள்

டிஷ்காரர் காலையிலேயே டிஷ்ஷைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்துவிட்டார். பாவமாக இருந்தது. "வேண்டாம் தம்பி" என்றேன். "ஏம்மா, சரியா நேரத்துக்கு வருமே?" "அதான் வேண்டாம்." புரியாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இரண்டு நாளாகத்தானே எனக்கே புரிகிறது?

சாயங்காலம் ஏழரை. வெங்காயம், போன், ஸ்பீக்கர். கொஞ்ச நேரத்தில் அக்கா ஆரம்பித்தாள். "அடிப்பாவி! அடிப்பாவி மகளே! நீயாடி இப்படிப் பண்ண!"

என் டி.வி.யில் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்த முகம். பாவி இன்னும் யாரும் இல்லை. மாமியாரைப் பார்த்தேன், நாத்தனாரைப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றுகிற அந்த அப்பாவி மருமகளைக்கூட விடவில்லை. உங்கள்ல யாருடி அது? வெங்காயம் பாதி நறுக்கினபடி அப்படியே கிடந்தது.

இவர் பால்கனியிலிருந்து, "என்ன ஆச்சு?" என்றார்.

"இன்னும் ஆகல. அக்கா கத்திட்டாங்க, சீக்கிரம் வாங்க" என்றேன்.

பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.