மிலாறு அடுக்கில் பாம்பு

மார்ச் 5, வியாழன்
காலையிலிருந்து பனிமூட்டம். கவ்வாத்து வெட்டின மலையிலிருந்து அம்மா கடைசிக் கட்டு மிலாறு கொண்டுவந்தார். கவ்வாத்தில் கழித்துக் காய்ந்த தேயிலைக் கிளைகள். ஒரு வருஷ அடுப்புக்கு இதுதான். வழக்கம்போல வெளியே, அடுப்புச் சுவரோடு ஒட்டி அடுக்கியாயிற்று. அந்தச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பு. விறகுக்கு நல்லது. பாம்புக்கும்.

அம்மா திரும்பவும்: "நேத்தும் பார்த்தேன், இவ்வளவு நீளம். நீ போயிட்டா நான்தானே இதுக்குள்ள கைய விடணும்."

அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிறு விடியற்காலை பஸ். திங்கள் கொழும்பில், புத்தகக் கடை வேலை. போகாவிட்டால் வேறு ஆள். ஜனவரியிலும் ஒரு வேலை வந்தது. அப்போதும் பாம்பு.

மார்ச் 6, வெள்ளி
செய்ய வேண்டியது:
– அடுக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க
– கீழே கல், அதன் மேல் பலகை
– சுற்றிப் புல் வெட்ட
– எலி (பாம்பு வருவது அதற்குத்தான். பூண்டுத் தண்ணீர் தெளிப்பதெல்லாம் சும்மா.)

எலி தவிர எல்லாம் முடிந்தது. முதுகு ஒடிகிறது. பக்கத்து வீட்டு செல்வி அக்கா வேலியோரம் நின்று: "நீ பேக்கைத் தூக்கினா மட்டும் ஒங்கம்மா கண்ணுக்குப் பாம்பு தெரியுது, பாத்தியா?" சிரித்தேன். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

நாலு மணிக்கு மழை. கடைக்குப் போய் இருட்டித் திரும்பினால், அடுக்கு பழையபடி கூரைக்குக் கீழே, சுவரோரம். அம்மா: "நனைஞ்ச மிலாற வச்சு ஒந்தலையையா எரிக்கிறது?"

மார்ச் 7, சனி
சோறாக்க விறகு உருவினேன். உள்ளே, சுவரோடு ஒட்டி, சுருண்டு. விரியன். உருவின குச்சியை மெல்ல அதே இடத்தில் வைத்தேன்.

உள்ளேயிருந்து அம்மா: "என்னடி, இருக்கா?"

"ஒன்னுமில்லம்மா."

பொழுது சாயும்வரை நானே விறகு எடுத்தேன், அடுக்கின் மறு கோடியிலிருந்து. பஸ் ஏறியதும் செல்வி அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடலாம். அவர் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அதுவரைக்கும்தான்.

மார்ச் 8, ஞாயிறு
பேக் வாசலில். செருப்பும் போட்டாயிற்று.

"வெறும் வயித்தோட போவாத. இரு, தேத்தண்ணி ஊத்துறேன்." டார்ச் கூட எடுக்காமல் அம்மா பின்கதவைத் திறந்து அடுக்குக்குள் கையை நீட்டினார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "கைய வைக்காதீங்க! பாம்பு இருக்கு. நேத்தே பார்த்தேன்."

அம்மா அடுக்கைப் பார்க்கவில்லை.

"நேத்தேவா?" என்றார்.