உறையூர் ஓடு

ஐப்பசி 3, திங்கள்.

சாளக்கிராமப் பெட்டியை நான் தொடுவதில்லை என்பது ஆத்துக்காரருக்கு நன்றாகத் தெரியும். இன்று காலை அதன் பின்னால் பல்லி ஓடியதால் நகர்த்த வேண்டியதாகிவிட்டது. அங்கே பட்டுத் துணியில் சுற்றி ஒரு பானை ஓடு இருந்தது. உள்ளங்கை அகலம், ஓரத்தில் கறுப்புக் கோடு.

"இது ஏதுன்னா?" என்று கேட்டேன்.

"உறையூர்ல ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டறச்சே கிடைச்சது. சிநேகிதன் கொடுத்தான்" என்றார். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

இருக்கலாம். உறையூரில் தோண்டினால் பழைய ஓடு வருமென்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஆனால் போன மாதம் சின்னக் கப்பலில் கிரேக்கத் தீவுகளுக்குப் போனோமே, இடிபாடுகளைப் பார்க்க இறங்கும்போதெல்லாம் வழிகாட்டிப் பெண் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்றாள். கடைசித் தீவில் எல்லோரும் திரும்பி வந்த பிறகும் இவரை மட்டும் காணோம். கால் மணி கழித்து வந்து, "செருப்பு வார் அறுந்துடுத்து" என்றார்.

சாயங்காலம் அந்தச் செருப்பை எடுத்துப் பார்த்தேன். தைத்த அடையாளமே இல்லை.

கோயில் தூணில் பேர் கிறுக்கியவனைப் போலீஸ் வரை இழுத்த மனிதர் இவர்.

ராத்திரி சாப்பிடும்போது, "தையில எகிப்துக்கு ஒரு கப்பல் போறதாம், போலாமா?" என்றார். நான் மோர் ஊற்றினேன்.

அவர் கை அலம்பப் போனதும் ஓட்டின் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

உறையூரில் ஏது கடல்?